அரைப் பேருக்கும் ஆகாத நுரை

காலை ஆறரை மணிக்கு ஸ்பிரிங்வெளியில் கிளாக்கரையாவிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. வாயைச் சுற்றிச் சவர நுரை இருக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வந்தவர், சங்கத்துச் சந்தாக் கணக்குக் கேட்க வந்தவர், வெறுமனே வம்பு பேச வந்தவர் எல்லோருக்கும் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான். வந்தவர்கள் இஸ்தோப்பு வாங்கில் உட்கார்ந்து நமுனுகுல மலையைப் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயரமான மலை. பார்த்து முடிக்க நேரமாகும். நுரையும் அதற்குள் முடியாது.

உண்மையில் அவர் இப்போது தோட்டத்துக் கிளாக்கரே இல்லை. ஓய்வு பெற்று, ஈ.பி.எஃப். காசை எடுத்து, மகளைக் கட்டிக் கொடுத்து, குவாட்டர்ஸைக் காலி செய்து, ரோட்டோரம் வீடு கட்டி வந்து வருஷங்களாகின்றன. செக்ரோல், ஒப்பீஸ் சாவி, கொழுந்துக் கணக்கு எல்லாம் வேறு கைக்குப் போய்விட்டன. கிண்ணமும் பிரஷ்ஷும் மட்டும் போகவில்லை. இவர் ஒருவர்தான் என்று எண்ண வேண்டாம். பதுளை, பசறை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாவில் எந்தப் பக்கம் போனாலும் இவரின் சகோதரர் ஒருவர் கண்ணாடி முன் நிற்பார். ஒருவர் டீமேக்கராக இருந்திருப்பார், இன்னொருவர் பெரிய கணக்கப்பிள்ளை, மற்றவர் பாடசாலை அதிபர். எல்லோரிடமும் ஒரு கிண்ணம் இருக்கும். அதைக் கடைசி வெள்ளைத்துரை ஊருக்குப் போகும்போது தன் கையால் கொடுத்தார் என்ற கதையும் இருக்கும். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் பலர் மூட்டை கட்டியது உண்மை. ஆனால் கிண்ணம் வாங்கியதாகச் சொல்லும் ஐயாமார் எல்லோரையும் நம்பினால், துரைமார் இங்கே நடத்தியது தேயிலைத் தோட்டமா, கிண்ணக் கடையா என்று சந்தேகம் வரும்.

நம்மவருடையது கப்பல் படம் போட்ட ஓல்ட் ஸ்பைஸ் கிண்ணம். ஷுல்டன் என்ற அமெரிக்கக் கம்பனி 1938இல் ஆண்களுக்கென்று இறக்கிய சரக்கு வகையைச் சேர்ந்தது. இங்கிலீஸ் துரை எதற்காக அமெரிக்கக் கிண்ணத்தில் நுரைத்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் கையைத் தூக்கிவிடுவார்.

முறை இப்படி. தண்ணீர் சுட வேண்டும், கொதிக்கக் கூடாது. கொதிநீர் பிரஷ்ஷின் மயிரை முறிக்கும், அடிப்பசையை இளக்கும். கை பொறுக்கும் சூட்டில் பிரஷ்ஷை ஊற வைத்துவிட்டு, கிண்ணத்துச் சவுக்காரத்தின் தலையில் நாலு சொட்டு விடுவார். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் ஓடும். யாருடைய மாமனார், எங்கே தகனம் என்று கேட்டுக்கொண்டே பிரஷ்ஷை உதறி, ஈரம் போகவிட்டு, சவுக்காரத்தின் மேல் சுற்றத் தொடங்குவார். முதலில் வருவது பெரிய பெரிய குமிழி. அதை நுரை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "இது சும்மா காத்து." மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி சுற்று. குமிழிகள் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் கெட்டித் தயிர் பதத்தில் மினுங்கும்போது பிரஷ்ஷை மேலே இழுப்பார். நுனி நிமிர்ந்து நின்றால் தேறியது. சாய்ந்தால் தண்ணீர் கூடிப்போனது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடையாது.

"குளிக்கிற சவுக்காரமும் நொரைக்குந்தானேங்க ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நொரைக்கும். நிக்காது."

விஷயம் சரிதான். குளிக்கும் கட்டி பெரும்பாலும் சோடியச் சவுக்காரம். சவரக் கட்டியில் பொட்டாசியச் சவுக்காரமும் கலந்திருக்கும், ஸ்டியரிக் அமிலம் தாராளமாக இருக்கும். பொட்டாசியச் சவுக்காரம் சட்டென்று கரைந்து நுரைக்கும். ஸ்டியரிக் அமிலம் அந்த நுரையை உடையாமல் முகத்தில் பிடித்து வைக்கும். இவ்வளவு ரசாயனத்தை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

தண்ணீர் மேல்தான் அவருக்குத் தீராத வழக்கு. கவ்வாத்து வெட்டின மலைகளுக்கு மண்ணின் புளிப்பை முறிக்க டொலமைட் போடுவார்கள். அதில் கல்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. இந்த இரண்டும் தண்ணீரில் கூடினால் சவுக்காரம் நுரைக்காமல் திரிந்து படலமாகும். பீலித் தண்ணீரில் நுரை எழும்பாத நாளில் "மேல் மலைக்கு டொலமைட் போட்டுட்டானுங்க" என்பார். மேல் மலையில் அப்படி எதுவும் நடந்திராது. வேலையில் இருந்த காலத்தில் டொலமைட் மூட்டைகளுக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே விட்டவரே அவர்தான் என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. இப்போது கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, சவரத்துக்கென்று தனியாக வைத்திருக்கிறார். மருமகள் அதில் கை வைக்க முடியாது.

இந்த ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் வயதோ வம்போ இல்லை என்பது என் கணிப்பு. அந்தக் காலத் தோட்டத்தில் லயத்து ஆள் தப்புச் சத்தத்தில் எழுந்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓட வேண்டும். தாடி வழிப்பது ஞாயிற்றுக்கிழமை, மரத்தடியில், வரிசையில் குந்தியிருந்து. பங்களாவிலோ அப்பு சுடுதண்ணியைக் கொண்டுபோய் வைக்க, துரை நிதானமாக நுரைப்பார். நடுவில் கிளாக்கர். அவருக்குப் பங்களா கிடைக்காது, குதிரை கிடைக்காது, துரையின் கிளப்பில் நாற்காலியும் கிடைக்காது. காலையில் அரை மணி நேரம் நின்று நுரைக்க மட்டும் கிடைக்கும். அதை அவர் உத்தியோகத்தின் அடையாளமாகப் பிடித்துக்கொண்டார். உத்தியோகம் போன பின்னும் விடவில்லை.

நுரைப்பது பாதி வேலைதான். பத்திரப்படுத்துவது மீதி. சவரம் முடிந்ததும் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை வடித்து, மூடாமல் காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் கட்டி குழையும். பிரஷ்ஷை அலசி, பிழிந்து, உதறி, மயிர் கீழ்நோக்கும்படி ஆணியில் தொங்கவிட வேண்டும். ஐப்பசி மழையில் எதுவும் காயாது. அப்போது கிண்ணம் அடுப்படிக்கு மாறும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறி நல்ல விலை போகும் காலம் அது. ஆனால் இவருடைய சவுக்காரம் வெடிக்கும். ஆகவே கச்சான் தோட்டத்துக்கு லாபம், கிளாக்கரையாவுக்கு நட்டம்.

வெளியில் வைத்தால் காக்கை தூக்கும், உள்ளே வைத்தால் எலி கடிக்கும். பழைய சவரக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு உண்டு. எலிக்கு அது விருந்து. இந்தக் கொழுப்பு விவரம் தெரிந்த நாளிலிருந்து கிண்ணம் சாமியறைச் சுவர்ப் பக்கம் போவதில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே மிருகக் கொழுப்பில்லாமல் சவுக்காரம் செய்த கோத்ரெஜ் கம்பனி மீது அவருக்குத் தனி மரியாதை. திருச்சியில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது வந்தால் முதலில் சுகம் விசாரிப்பார், அடுத்து அந்த வட்டக் கட்டியை விசாரிப்பார்.

பிரஷ்ஷை இரவல் கேட்கக் கூடாது. இதில் நான் அவர் கட்சி. முதலாம் உலகப் போர்க் காலத்தில் சுத்தம் செய்யாத குதிரை மயிரில் செய்த மலிவான பிரஷ்களால் சிப்பாய்களுக்கு அந்த்ராக்ஸ் தொற்றி உயிரே போயிருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பிரஷ்களை பிரிட்டன் தடுத்தது.

இனி, அவர் கட்டிகளைச் சேர்த்து வைக்கும் அலுமாரி. 1970களின் தட்டுப்பாட்டில் பிளேட்டும் இல்லை, சவரச் சவுக்காரமும் இல்லை. பழைய பிளேட்டைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி, சன்லைட் கட்டியில் நுரைத்து, முகமெல்லாம் எரிய எரிய அவர் பெரட்டுக் களத்துக்குப் போயிருக்கிறார். இனி அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்று சேர்க்கத் தொடங்கினார். உறை பிரித்த கட்டிகள் சேலைகளுக்கு நடுவே அடுக்கியிருக்கும். காய்ந்த கட்டி அதிக நாள் வரும். "எம் பொடவையெல்லாம் ஆம்பள வாசம் அடிக்குதுங்க" என்று அவர் வீட்டம்மா சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் சவரம் கிடையாது. அந்த நாட்களில் இருப்பு எடுப்பார். அதற்கென்று ஒரு பதிவேடு, சிவப்பு மையில் கோடு, ஆரம்ப இருப்பு, வரவு, செலவு.

2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறி, கடையில் சவுக்காரத்தைத் தொட்டால் கை சுட்டபோது, ஊரிலேயே சிரித்த முகம் அவருடையதுதான். "நான் சொன்னேனா, இல்லியா?" என்று ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார். மருமகள் வந்து, பிள்ளையின் துணி துவைக்க ஒரு கட்டி கேட்டாள். அன்று முழுக்க அவர் பேசவில்லை. மாலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பதிவேட்டில் செலவுப் பக்கம் எழுதியிருக்கிறது: கட்டி ஒன்று, மருமகள், விசேஷ அனுமதி.

கொழும்பில் வேலை செய்யும் பேரன் போன தீபாவளிக்கு ஒரு டின் நுரை கொண்டு வந்தான். 1950 வாக்கிலேயே அமெரிக்காவில் கடைக்கு வந்துவிட்ட சாமான். அவரோ இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறார்.

"அமுக்குங்க தாத்தா, தானா வரும்."

அமுக்கினார். வந்தது. கையில் வைத்துப் பார்த்தார், மோந்தார், நுனி நிற்கிறதா என்றும் சோதித்தார். நின்றது.

"வந்துச்சு, சரி. நீ என்னா வேல செஞ்ச? அமுக்குனதுக்கு அரைப் பேரும் போட முடியாது."

பேரனுக்கு அரைப் பேர் என்றால் செக்ரோலில் விழும் அரை நாள் கூலி என்று தெரியாது. அவனுக்கு மாதச் சம்பளம், முகத்தில் தாடி வேறு.

நீங்கள் பதுளையில் பஸ் ஏறி ஸ்பிரிங்வெளிப் பக்கம் போக நேர்ந்தால், ஏழரைக்குப் பிறகு போங்கள். கையில் டின் வேண்டாம். எங்காவது பழைய வட்டக் கட்டி அகப்பட்டால் கொண்டுபோய்க் கொடுங்கள். தேத்தண்ணி கிடைக்கும், வரவுப் பக்கத்தில் உங்கள் பெயரும் ஏறும்.