பெட்டியில் வந்த போனஸ்

கேள்வி: ஓட்டம், உடல்பலம், திறமை எல்லாம் இருந்தும் ஆப்பிரிக்க அணிகளால் கால்பந்து உலகக் கோப்பையை ஏன் வெல்ல முடியவில்லை?

பதில்: கால் மட்டும் போதும் என்றால் எப்போதோ வென்றிருப்பார்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நைஜீரியா 5 முறை தூக்கியிருக்கிறது. (சிலருக்கு நிஜமாகவே 17 தானா என்ற முணுமுணுப்பும் உண்டு!) ஒலிம்பிக் தங்கம் 1996-ல் நைஜீரியாவுக்கு, 2000-ல் கேமரூனுக்கு. பையன்கள் ஜெயிக்கிறார்கள், கோட் போட்ட நிர்வாகிகள்தான் தோற்கிறார்கள். 2014-ல் பிரேசில் கிளம்ப வேண்டிய கேமரூன் வீரர்கள், போனஸ் தகராறில் விமானம் ஏற மறுத்தார்கள். அதே போட்டியில் கானா வீரர்கள் ‘கையிலே காசு, வாயிலே தோசை’ என்று நிற்க, அரசு 30 லட்சம் டாலர் ரொக்கத்தை விமானத்தில் அனுப்பியது. அப்படியும் முதல் சுற்றோடு ஊர் திரும்பினார்கள்.

அதிர்ஷ்டமும் கைவிட்டதுண்டு. 2010 காலிறுதியின் கடைசி நிமிடத்தில், கோலுக்குள் போகவிருந்த கானாவின் பந்தை உருகுவேயின் சுவாரஸ் கையால் தட்டினார். கிடைத்த பெனால்டியை கானாவின் ஜ்யான் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். அரையிறுதி போயே போச்சு.

அந்தப் படியை 2022-ல் மொராக்கோ ஏறியது. 26 வீரர்களில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஐரோப்பிய அகாடமிகளில் செதுக்கப்பட்டவர்கள் பலர். சொந்த மண்ணிலும் மொராக்கோ பெரிய அகாடமி கட்டி வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கான முதல் உலகக் கோப்பை அங்கேதான் போகும் என்பது என் கணிப்பு.