டீம் என்னும் சொல்லின் வமிசாவளியும் ஏற்காட்டு மான்மியமும்

நுதலிய பொருள்

சித்திரை வெயில் சேலத்தை வறுக்கத் தொடங்கியதும், அஸ்தம்பட்டியையும் கோரிமேட்டையும் கடந்து, அடிவாரத்தில் ஒருமுறை இறங்கித் தேநீர் அருந்தி, இருபது கொண்டையூசி வளைவுகளிலும் இடமும் வலமுமாகச் சாய்ந்தெழுந்து, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டு ஏரிக்கரையை வந்தடையும் வேன்களிலிருந்து இறங்குகிற ஜனங்கள், வயது, பால், உறவு, உத்தியோகம் ஆகிய பேதங்கள் ஒன்றுமின்றித் தம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்ளும் நாமம் ஒன்றே உளது. அது 'டீம்' என்பதாம். படகுத்துறைச் சீட்டுச் சாளரத்தில் "எத்தனை பேருங்க?" என்ற வினா எழுந்த மாத்திரத்தில், "எங்க டீம்ல பதினாலு பேருங்க, அதுல கைக்குழந்தை ஒண்ணு" என்று விடை வருவதை யாரும் கேட்கலாம். பாட்டியையும் கைக்குழந்தையையும் உள்ளடக்கிய கூட்டத்தை டீம் என்பது பிழையென்றும், அது பதினொருவர் கூடிப் பந்தாடுவதற்கே உரிய பெயரென்றும் ஆங்கிலம் கற்ற பெரியோர் முகஞ்சுளிப்பர். முகஞ்சுளிப்போர் சரித்திரம் அறியார் என்பதையும், அப்பதத்தின் ஆதிப்பொருளைச் சிதையாமல் காத்துவரும் ஸ்தலம் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையே என்பதையும் நிலைநாட்டுவது இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

சொல்லின் பூர்வோத்தரம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பந்தாட்டத்தையும் அறியாது, அலுவலகத்தையும் அறியாது. மகப்பேறு, பெற்ற மக்கள், அம்மக்களின் வழிவந்த குலம் ஆகியவற்றையே அது அந்நாளில் உணர்த்திற்று. குழந்தை என்று பொருள்படும் 'பேர்ன்' என்ற சொல்லோடு கூடிப் 'பேர்ன்டீம்' என வருங்கால் அது சந்தான பாக்கியத்தைக் குறித்தது. இழுத்தல், நடத்திச் செல்லுதல் என்னும் பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து இது கிளைத்ததென்பது மொழிநூலார் துணிபு. கடிவாளத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல் இதற்குச் சகோதரம். 'டியூக்' என்ற பிரபுப் பட்டமும் 'எஜுகேஷன்' என்ற சொல்லும் லத்தீன் வழிவந்த தாயாதிகள். கழுத்தில் கட்டும் 'டை'யும் இவ்வமிசத்துப் பிள்ளையே. ஆகவே டை கட்டிக்கொண்டு தம் டீமுக்கு எஜுகேஷன் அளிக்கிற மேலாளர் ஒருவர், தாம் அறியாமலே, ஒரே வேரின் மூன்று கிளைகளை ஒருங்கே ஆட்டுவிக்கிறார் என்பது போதரும்.

இழுக்கும் வேரிலிருந்து பிள்ளை பிறந்தது எங்ஙனம் எனின், தந்தையின் பின் மகனும் மகனின் பின் பேரனும் ஒரு கயிற்றில் கோத்தாற்போல் வருதலின் என்க. அதே நியாயத்தால் தாய் வாத்தின் பின் நிரையாகச் செல்லும் குஞ்சுகளும் டீம் எனப்பட்டன. ஒரே நுகத்தில் பூட்டிய உழவுமாடுகளும் டீம் எனப்பட்டன. 1086-இல் இங்கிலாந்தின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே புத்தகம் ஊர்தோறும் எத்தனை ஏர் என்று எண்ணிச் செல்கிறது. எட்டு எருதுகள் கொண்டது ஓர் ஏர் என்பது அக்காலத்துப் பொதுக் கணக்கு. ஒன்றாய் வேலை செய்யும் மனிதர்க்கு இப்பெயர் வந்ததோ பதினாறாம் நூற்றாண்டில். அதாவது, எருதுகளுக்குப் பன்னெடுங்காலம் பிற்பட்டே மனிதர் இக்கௌரவத்துக்குத் தகுதி பெற்றனர்.

வியவகாரப் பொருள்

இச்சொல்லுக்கு நியாயஸ்தல வழக்கில் இன்னுமொரு பொருள் இருந்தது; நம் விஷயத்துக்கு அதுவே உயிர்நாடி. ஒருவனிடமிருக்கும் மாட்டை மற்றொருவன் தன்னதென்று உரிமை கோரினால், வைத்திருப்பவன் "நான் திருடவில்லை, இன்னாரிடம் வாங்கினேன்" என்று விற்றவனைக் கைகாட்டலாம். அவன் தனக்கு விற்றவனைக் கைகாட்டலாம். இப்படி உடைமையின் கால்வழியைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் நடைமுறைக்கும், அதனை நடத்தும் அதிகாரத்துக்கும் டீம் என்றே பெயர். 1042 முதல் 1066 வரை ஆண்ட எட்வர்டு மன்னர் காலத்துச் சாசனங்கள், பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் இவ்வதிகாரத்தைத் தாரைவார்த்துக் கொடுக்கின்றன. அவருக்கு முன் ஆண்ட க்னூட் மன்னரின் சட்டமோ, மூன்று முறை கைகாட்டலாம், நான்காம் முறையில் விவகாரம் முடிந்தாக வேண்டும் என்று எல்லை வகுத்தது.

தல ஆராய்ச்சி

1820-களில் சேலத்துக் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பியையும் பழமரங்களையும் கொணர்ந்தார். துரைமார்களின் பாஷையும் உடன் ஏறிற்று. ஆயின் டீமின் ஆதிப்பொருள் அவர்களிடமே அற்றுப்போயிருந்தமையின், அதை அவர்கள் கொணர்ந்திருக்க இயலாது. ஆகவே அது இங்கேயே இருந்திருத்தல் வேண்டும். இதற்குச் சான்று மூன்று.

முதற்சான்று, மலையின் ஆதிக்குடிகள். மலையாளிகள் எனப்படும் இவர்கள் தமிழ் பேசுவோர், கேரளத்தோடு சம்பந்தமில்லாதவர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையைப் பற்றினார், ஏனையோர் வேறு மலைகளை நாடினர் என்பது அவர்களுடைய கர்ணபரம்பரை. குலமும் கூட்டமும் ஒன்றேயாகி வரிசையாய் மலையேறிய இம்மூவரைக் காட்டிலும் பழைய இலக்கணத்துக்குப் பொருந்திய டீம் எவ்விடத்துண்டு? சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மே மாதத்தில் திரள்வோர் அவ்வழியினரே.

இரண்டாம் சான்று, இட அமைப்பு. வேறு மலைகளில் காட்சிமுனை என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாறை. ஏற்காட்டிலோ லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் எனக் குடும்பத்தின் மூன்று அங்கங்களுக்கும் தனித்தனி ஆசனம் உண்டு. பந்தாடும் கூட்டத்தை மனத்திற்கொண்டு பெயரிட்டிருந்தால் குழந்தைகளுக்கு ஆசனம் ஒதுக்கியிருக்க நியாயமில்லை.

மூன்றாம் சான்று, ஊர்ப்பெயர். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர் பலரும். இரண்டு மாடு பூட்டியதை ஓர் ஏர் என்பது நம் வழக்கு. குறுந்தொகைப் புலவர் ஒருவர் தாம் எடுத்தாண்ட ஒற்றை ஏர் உழவனின் உவமையாலேயே ஓரேருழவனார் என்று பெயர்பெற்றார். இந்த ஏரும் காடும் புணர்ந்தே ஏற்காடு, அதாவது டீம்வனம், பிறந்ததென்பது எம் துணிபு. அவ்வாறாயின் இடையே றகரம் வந்தது எப்படி என்று இலக்கணப் புலவர் வினவுவர். ஏரி என்று பிரித்தாலும் விதிப்படி றகரம் வாராது. ஏர் என்று பிரித்தாலும் வாராது. இரு கொள்கைக்கும் குற்றம் சமமாயிருக்கையில் நம் கொள்கையைத் தள்ளுவது எந்த நியாயம்?

பூர்வபட்சமும் மறுப்பும்

குலப்பெயர் கூட்டப்பெயராய்த் திரிந்துவிட்டால் மீண்டும் குலத்தைக் குறிக்குமோ என்று ஐயுறுவார்க்குச் சேலத்துப் பங்காளி விடையளிப்பார். பங்காளி என்றால் பாட்டன் சொத்தில் பங்குடைய தாயாதி; வரப்புத் தகராற்றில் எதிர்வழக்காடுபவரும் அவரே. இக்காலத்து இளைஞரோ டீக்கடையில் காசு கொடுக்கும் எந்தச் சிநேகிதனையும் "வா பங்காளி" என்கின்றனர். என்றாலும் பழம்பொருள் மாய்ந்துவிடவில்லை. நில அளவையாளர் சங்கிலியோடு வந்து நின்றதும் அது உயிர்பெற்று எழுகிறது. பங்காளிக்கு நில அளவை எப்படியோ, டீமுக்கு ஏற்காட்டுப் பயணம் அப்படியென்க.

விடுதியில் வெந்நீர் வரவில்லையென்று பெரியம்மா குரலெழுப்பும் காலை வேளையை எண்ணுக. "இந்த ரூமைப் போட்டது யாரு?" என்றதும் சித்தப்பா மாமாவைக் கைகாட்டுகிறார், மாமா மச்சானைக் கைகாட்டுகிறார், மச்சான் தமக்கு இவ்விடுதியைச் சொன்ன வேன் ஓட்டுநரைக் கைகாட்டுகிறார். க்னூட் மன்னர் விதித்த மூன்று முறையும் தீர்ந்தமையால் விவகாரம் ஓட்டுநரோடு முடிகிறது. அன்று மாலை அதே குடும்பம் மிதிபடகில் இருவர் இருவராகப் பூட்டப்பட்டு, மிதிப்பது யார், மிதிப்பதாய்ப் பாவனை செய்வது யார் என்று சச்சரவிடுகிறது. சந்ததி, நுகம், கைகாட்டல் ஆகிய மூன்று பொருளும் ஒரே நாளில் ஒரே கூட்டத்தில் ஒருங்கே விளங்கும் இடம் பிறிதொன்று உண்டோ?

முடிபு

இனி எஞ்சுவது ஓர் ஆட்சேபம். பெங்களூரிலிருந்து ஒரே நிறப் பனியன் அணிந்து வரும் கம்பெனிக் கூட்டத்தாரிடையே இரத்த சம்பந்தம் யாதுமில்லையே, அவர்களை டீம் என்றல் தகுமோ எனின், தகும். நுகம் அவர்களுக்கு வார நாள்களிலெல்லாம் உண்டு. கைகாட்டலோ குடும்பத்தாரிடம் இருப்பதைவிடச் செவ்வையாய் உண்டு. ஆனால் திசை மட்டும் மாறி, மேலிருந்து கீழாக, மேலாளர் டீம் லீடரையும், லீடர் மூத்த பொறியாளரையும், அவர் சென்ற மாதம் வேலையில் சேர்ந்த பிள்ளையாண்டானையும் காட்டுவர். அவனுக்குக் கீழே கைகாட்ட ஆளில்லை. முன்னோர் அனைவரின் பழியும் சட்டப்படி அவனையே வந்தடைகிறது. வாரிசு என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணம் பழைய ஆங்கிலத்திலும் இல்லையாகலின், கம்பெனிக் கூட்டத்திலும் சந்ததி உண்டென்பது பெறப்பட்டது.