ரெண்டு கம்பி கம்மி

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நாலு கம்பிதான் என்ற விஷயம் கவரைப்பேட்டைப் பக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. அதில் எனக்கு நானூறு ரூபாய் லாபம். “ஆறு கம்பில ரெண்டு அறுந்துபோச்சு தம்பி, அதுக்குத் தனியா கழிச்சுக்கறேன்” என்று விற்றவரே முன்வந்து சொன்னார். தானாக விலையைக் குறைக்கும் மனிதரை நிறுத்திவைத்து இசைப்பாடம் நடத்துவது மரியாதை இல்லை. 2,100 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டேன்.

ஒரு சின்ன கிறிஸ்தவ சபையில் வருடக்கணக்கில் வாசிக்கப்பட்டது அது. கீபோர்டு வந்ததும் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. கீபோர்டில் இடது கையால் ஒரு கட்டையை அமுக்கினால் தாளமும் பேஸும் தானாக வருகின்றன. அது பயிற்சிக்கு மட்டம் போடாது, கல்யாணமாகி வெளியூர் போகாது. பேஸ் வாசித்த பையன் இரண்டையும் செய்தான்.

எங்கள் கும்மிடிப்பூண்டிக்கு அங்கிருந்து ஒரே ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கழுத்தைப் பார்த்து வீணையா, தம்புராவா என்று விசாரணை நடந்து முடிந்தது. கிட்டார் என்று சொன்னதும் ஒரு பெரியவர் முடுக்காணிகளை எண்ணிப் பார்த்தார். “ரெண்டு கம்மியா கீதே? ஏமாத்திட்டாம்பா.”

வீட்டுக்கு வந்து பிரித்தால், கறுப்பு பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வசன ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடம் மட்டும் புதுசாகப் பளபளத்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட்டுகளில் பச்சைக் களிம்பு. வால்யூம் குமிழ் இருந்த இடத்தில் ஃபேன் ரெகுலேட்டர் குமிழ். அதில் 1 முதல் 5 வரை எழுதியிருந்தது. கழுத்து வில்லாக வளைந்து, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் சுண்டுவிரல் போய்வந்தது.

இந்த வாத்தியத்தின் பூர்வீகம் தெரிந்தால், நாமே சரிசெய்துவிடலாம் என்ற என் தைரியத்துக்குக் காரணம் புரியும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த ‘பிரிசிஷன் பேஸ்’தான் இந்த வம்சத்துக்கு மூதாதை. அதுவரை பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ். அதில் ஃப்ரெட் கிடையாது, ஸ்வரத்தைத் தடவித்தான் பிடிக்க வேண்டும். இவர் ஃப்ரெட் போட்டு, கம்பியின் நீளத்தை 34 அங்குலமாக்கி, தோளில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார். இத்தனைக்கும் அந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதவர்கள் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய சாமான் என்றால் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையைவிடத் தோதான இடம் உலகத்தில் எது? எங்கள் தெருவில் கதவைத் தட்டினால் ஃபிட்டர், அடுத்த கதவு டர்னர், மாடியில் வெல்டர். சங்கீதம் தெரிந்தவர்தான் ஒருத்தரும் இல்லை.

முதலில் வந்தவர் ரோலிங் மில்லில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் அண்ணன். பாட்டு கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் வளைந்தது எதையாவது பார்த்துவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது. நாலு கம்பியும் சுருதியில் நிற்கும்போது கழுத்தின் மேல் விழும் இழுவை சுமார் 75 கிலோ. அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்று ஓர் இரும்புக் கம்பியைப் புதைத்திருக்கிறார்கள். அண்ணன் ஆலன் கீயைப் போட்டுக் கால் திருகு திருகினார். “இன்னிக்கு இவ்ளோதான். மரம் கொஞ்சம் யோசிக்கட்டும்” என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் மறுபடி கால் திருகு. கம்பியின் இரண்டு முனையையும் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நடு ஃப்ரெட்டில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்து 0.3 மில்லிமீட்டர் வரும்வரை அவர் விடவில்லை. வந்ததும் தலைப்பகுதியின் பின்னால் பென்சிலால் ‘0.3 ஓகே’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அழிக்க எனக்கு மனசில்லை. என்னிடம் உள்ள பொருள்களில் முறையாக இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது அது ஒன்றுதான்.

பெயிண்டை உரிக்க ஹீட் கன் இரவல் வாங்கினேன். கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பட்டி, அதற்கும் கீழே பிளைவுட். “தேக்கு இல்லியா?” என்று எட்டிப் பார்த்த தச்சர், துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவரைப் போலச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். பிறகு உப்புத்தாள். 80-இல் தொடங்கி 120, 240 என்று போய் 400-இல் முடிக்க வேண்டும். 80 நம்பர் போட்ட கோடு 240-க்குப் போகாது, நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் பெயிண்ட் ஏறிய பிறகு பல்லைக் காட்டும். தூள் அடுப்படி வரை போய் இட்லி மாவில் இறங்கியதும் வீட்டில் தீர்ப்பு வந்தது: “என்னங்க, ஒண்ணு அது மாடிக்குப் போகணும், இல்ல நீங்க ரெண்டு பேரும் போகணும்.” இருவருமே போனோம்.

பெயிண்டுக்கு யோசனை சொன்னவர்கள் ஏராளம். பவுடர் கோட்டிங் யூனிட்டில் வேலை செய்யும் தம்பி, “எங்க ஓவன்ல விட்டா 200 டிகிரி, பத்தே நிமிஷம், கண்ணாடி மாதிரி வந்துடும் சார்” என்றான். “மரம்ப்பா இது” என்றேன். கொஞ்சம் யோசித்து, “அப்ப 180 வெச்சிக்கலாம்” என்றான்.

கடைசியில் ஹைவே ஓரம் டிங்கரிங் கடை வைத்திருக்கும் பாயிடம்தான் போனேன். மிச்சமாக எந்த கலர் இருக்கிறதோ அதை அடித்தால் கூலி மட்டும் போதும் என்றார். மிச்சம் இருந்தது ஸ்கூல் வேன் மஞ்சள். இதை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஃபெண்டர் கம்பெனியும் அந்தக் காலத்தில் கார் பெயிண்டைத்தான் கிட்டாரில் அடித்தது. இன்று ரசிகர்கள் உருகும் ‘ஃபியஸ்டா ரெட்’ ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். அமெரிக்காவில் தண்டர்பேர்டு என்றால் கும்மிடிப்பூண்டியில் ஸ்கூல் வேன்.

ஆனால் பாய் உடனே ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கவில்லை. ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் வந்து படிந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல், தலைக்கு மேலே வடகிழக்குப் பருவமழை. ஈரத்துக்கு இங்கே என்ன பஞ்சம்? “தை பொறக்கட்டும் சார்” என்றார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதைப் பெயிண்ட் விஷயத்தில் நான் முழுசாக நம்புகிறேன். பொங்கல் முடிந்து வெயில் ஏறிய ஒரு காலையில் மெல்லிய கோட்டாகப் பல முறை அடித்து, காயவைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர். “பின்னாடி ‘பள்ளி வாகனம்’னு எழுதிடவா?” என்று கேட்டதை மட்டும் மறுத்துவிட்டேன்.

கம்பிக்கு அண்ணா சாலை போனேன். மியூசி மியூசிகல் 1842-இலிருந்து இருக்கும் கடை; மாட்டி வைத்திருக்கும் புது பேஸ்களைப் பார்க்காமல் நேராகக் கம்பியைக் கேட்பதற்கே தனி வைராக்கியம் வேண்டும். நல்ல செட் ஒன்றின் விலை நான் கிட்டாருக்குக் கொடுத்த தொகையை ஒட்டி நின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டுக்கு வந்து பழைய கம்பியையே வேகவைத்தேன். கேலி இல்லை, பேஸ்காரர்கள் உலகம் முழுக்கச் செய்வதுதான். சுற்றுகளுக்கு நடுவில் அடைந்த எண்ணெயும் அழுக்கும் கொதிநீரில் கழன்று வந்துவிடும். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததும், பக்கத்து அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தவர், “அந்தப் பாத்திரத்த நீங்களே வெச்சுக்கோங்க” என்றார். எனக்கென்று தனிப் பாத்திரம் கிடைத்தது அப்படித்தான்.

பெருங்கூத்து கடைசியில் நடந்தது. ஒரு பழைய ஸ்பீக்கரில் பேஸைச் சொருகினால், தொடாமலே வாசித்தது. ‘ம்ம்ம்’ என்று ஒரே ஸ்வரம், நிற்காமல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். ஆக, வீட்டு கரண்ட் சற்றே ஏறிய ‘ஜி’யில் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கிறது. கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப், பழைய ஒற்றைச் சுருள் ரகமாக இருந்தால், அந்தப் பாட்டையும் சிந்தாமல் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். ஃபெண்டர் 1957-இல் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, எதிரெதிராகச் சுற்றி, இந்த இரைச்சலை அடக்கிவிட்டார். என்னுடையதற்கு அந்தச் சேதி எட்டவில்லை. இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள் நிறைந்த ஊரில், காற்றிலேயே கரண்ட் இருக்கிறது என்றார் எலக்ட்ரீஷியன். வயர் போகும் குழிக்குள் பிரியாணி பார்சலுக்குச் சுற்றும் வெள்ளித்தாளை ஒட்டி, அதையும் கம்பிகள் உட்காரும் பிரிட்ஜையும் எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி கரண்ட் போகும்போது போய்விடுகிறது. அப்போது பேஸும் கேட்பதில்லை.

மொத்தக் கணக்கைப் போட்டால் இந்தக் காசுக்குப் புது பேஸ் ஒன்றுக்குப் பாதிவழி போயிருக்கலாம். போகட்டும். எனக்குக் குறை வேறு. பேஸ் என்று ஒன்று இருப்பதையே நம்மில் பலர் கவனிப்பதில்லை. இளையராஜா பாடல்களைச் சிலாகிக்கும்போது வயலினைச் சொல்கிறோம், புல்லாங்குழலைச் சொல்கிறோம். அடியில் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டு போகும் சசிதரனின் பேஸை எத்தனை பேர் சொல்கிறோம்? ரகுமானோடு வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? குற்றம் காதில் மட்டும் இல்லை. பேஸின் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வரும் 41 ஹெர்ட்ஸ், செல்போன் ஸ்பீக்கரில் வரவே வராது. இந்த வட்டாரத்தில் பேஸ் ஒழுங்காகக் கேட்கிற இடம் ஷேர் ஆட்டோவின் பின் சீட் ஒன்றுதான்.

என் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட செல்போன் ஜாதி. அதனால் ஒரு விண்ணப்பம்: பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை யார் வீட்டிலாவது பழைய பேஸ் ஆம்ப் பரணில் கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். ஓடாததாக இருந்தால் இன்னும் நல்லது. தெருவில் எல்லாரும் சும்மாதான் இருக்கிறார்கள்.