அளப்பதும் எடை போடுவதும்

தமிழில் பொய்யை அளப்பார்கள், ஆளை எடை போடுவார்கள். சமையல் குறிப்பில் ‘ஒரு கப் மாவு’ என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டில் எதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி. ஆஸ்திரேலியாவில் அது 250. ரைஸ் குக்கரோடு வருவது 180. ஜப்பானியர்களின் பழைய அரிசி அளவு அது. நம் வீட்டுக் கப்போ எதற்கோ இலவசமாக வந்தது. அதில் எவ்வளவு பிடிக்கும் என்று கொடுத்தவருக்கே தெரியாது. இந்தக் கப்பைக் கிராமாக மாற்றத்தான் ஆளாளுக்கு அட்டவணை தேடுகிறார்கள்.

அதற்காக முகத்தலளவையே மட்டம் என்று சொல்லமாட்டேன். 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்கிறது பழைய வாய்பாடு. ஆக, படிக்கு 14,400 நெல். எண்ணிப் பார்த்தவருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்காது. ஆனாலும் கணக்கில் ஒழுங்கு இருக்கிறது. மெட்ரிக் அளவைக்கு 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. 1967 தேர்தலில் அண்ணா வாக்குறுதி கொடுத்ததோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கிலோவில் சொல்லியிருந்தால் யாருக்கும் பசித்திருக்காது. நாக்குக்குப் பழகிய அளவு அது. அடுப்படிக்கும் அது போதும். ஏனென்றால் சமையல் என்பது பெரும்பாலும் விகிதம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், ஒரே டம்ளரால் அளக்கும்வரை அது எந்த டம்ளராக இருந்தால் என்ன?

வம்பு தொடங்குவது அளவையை இடையில் மாற்றும்போதுதான். அரிசியும் உளுந்தும் ஒரே டம்ளரில் கிட்டத்தட்ட ஒரே எடை நிற்கும் என்பதால், தராசில் போட்டாலும் இட்லி மன்னித்துவிடும். மைசூர்பாகு மன்னிக்காது. ஒரு கப் கடலை மாவு சுமார் 100 கிராம். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம். ஒன்றுக்கு இரண்டு என்ற கப் கணக்கு, எடையில் ஒன்றுக்கு நான்கு ஆகிறது. இது தெரியாமல் 100 கிராம் மாவுக்கு 200 கிராம் சர்க்கரை நிறுத்துப் போட்டால், இனிப்பு பாதியாகி, பாகு போதாமல், மைசூர்பாகு என்ற பெயரில் கடலை மாவுக் களி கிடைக்கும்.

‘பாட்டி தராசா வைத்திருந்தாள்?’ என்று கேட்பார்கள். பாட்டியிடம் ஒரே ஆழாக்கு இருந்தது. அது நெளிந்துபோனாலும் அரிசியும் பருப்பும் சேர்ந்தே குறையும், விகிதம் கெடாது. நம்மிடம் மூன்று நாட்டுக் கப்புகள் இருக்கின்றன. ‘அதற்குத்தானே அட்டவணை?’ என்றால், மைதாவை ஒரு கப்பில் நிரப்பி மேடையில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள்: விரற்கடை இறங்கிவிடும். சலித்துத் தூவினால் 120 கிராம், அள்ளி அமுக்கினால் 150. அட்டவணைக்காரர் தட்டினாரா, தூவினாரா என்று அட்டவணையில் இருக்காது. உப்பிட்டவரை நினைக்கச் சொன்னவர்களும் கல் உப்பா, தூள் உப்பா என்று சொல்லவில்லை. ஒரே ஸ்பூனில் தூள் உப்புதான் கூடுதலாகக் கரிக்கும். ‘சரி, எல்லாவற்றையும் நிறுத்துவிடலாமே’ என்றால் அதுவும் ஆகாது. கால் ஸ்பூன் பெருங்காயத்தை வீட்டுத் தராசு பூஜ்யம் என்று காட்டும். ரசத்துக்கு அது பூஜ்யம் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டுக்குள் புழங்கும் குறிப்புக்கு ஒரே டம்ளர், வீடு விட்டு வீடு போகும் குறிப்புக்குக் கிராம், சிட்டிகைக்கு விரல். மாற்றியே தீரவேண்டுமென்றால், உங்கள் கப்பால், உங்கள் கைவாக்கில், உங்கள் மாவை ஒருமுறை அளந்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரார் அட்டவணை வேண்டாம். எல்லாருக்கும் படியளக்கிறவர் ஆண்டவன் என்கிறோம். அவரும் தலைதட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்பதை வைத்துத்தானே வீட்டுக்கு வீடு இத்தனை வித்தியாசம்?