மகனைக் கொடுத்த வைத்தியர்கள்

கேள்வி: உறுப்புத் தானத்துக்கு ஒப்புக்கொண்டால், வைத்தியர்கள் நம்மைக் காப்பாற்றாமல் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், வீரமுனை

பதில்: இல்லை. மூளை மரணத்தை உறுதிசெய்யும் வைத்தியர், உறுப்பை எடுப்பதிலோ பொருத்துவதிலோ ஈடுபடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனாலும் அச்சம் நியாயமானதே. வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. பிள்ளை போய்விட்டான் என்றால் எந்தத் தாய் நம்புவாள்? அருகில் உட்கார்ந்து பொறுமையாக விளங்கப்படுத்தும் வைத்தியரும் தாதியும் அங்கே வேண்டும்.

2008இல் தமிழ்நாட்டில், மூளை மரணமடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த அசோகனும் புஷ்பாஞ்சலியும் வைத்தியர்கள். உள்ளே நடப்பதெல்லாம் அறிந்தவர்களே பெற்ற பிள்ளையைக் கொடுத்தார்கள். இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

சமயம் தடுக்குமா? சிவனடியார் கண்ணப்பர் தன் கண்ணையே பெயர்த்துச் சிவனுக்குக் கொடுத்தவர். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. பௌத்தர்கள் நிறைந்த இலங்கையில் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கண் அனுப்பி வருகிறது.

காணிக்கு உறுதி எழுதுகிறோம். சிறுநீரகத்துக்கும் வீட்டாரிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.