கலண்டர் முதலாளி

கெஹெல்கமு ஓயாவை மறித்த அணைக்கட்டுக்கு அருகிலுள்ள நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலையகக் கடைவீதிகளில், ஆண்டு முழுவதும் சீனியைக் கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கும் ஒருவர், கார்த்திகை பிறந்ததும் ஓவிய ரசிகராகவும் காகித நிபுணராகவும் மாறிவிடுவதைக் காணலாம். வருட முடிவில் வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுக்க வேண்டிய பொருளைத் தெரிவு செய்யும் பொறுப்பே அவரை இவ்வாறு ஆக்குகிறது. கடைக்காரரை 'முதலாளி' என்றழைப்பது தோட்டப்புற வழக்காதலின், இவ்வகையினரைக் கலண்டர் முதலாளி எனக் குறிப்பிடுவது பொருந்தும்.

கொழும்பு அச்சகத்தின் ஏஜண்டு மாதிரி அல்பத்தை விரித்ததும் அவரது ஆய்வு தொடங்கும். காகிதத்தின் தடிப்பு ஜி.எஸ்.எம். என்னும் அலகால், அதாவது ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை எத்தனை கிராம் என்னும் கணக்கால், குறிக்கப்படுகிறது. ஆயினும் முதலாளி அந்த எண்ணை நம்பாமல், தாளின் மூலையைக் காதருகே சுண்டி ஓசை கேட்பார், விரலை நாக்கில் தொட்டு மையைத் தேய்த்துப் பார்ப்பார், மேல்விளிம்பில் அடித்திருக்கும் தகரப் பட்டியை நகத்தால் சுரண்டுவார். இதைப் பித்து என்று தள்ளிவிட முடியாது. தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனையும் ஊரில், அடுப்புப் புகை படியும் லயத்துச் சுவரில், மலிவான தகரம் ஆடிக்குள் துருப்பிடித்து முதலாளியின் பெயர்மேலேயே செம்பழுப்பாய் வழியும். பேனா, சாவிக்கொத்து ஆகியவற்றை அவர் ஏறெடுத்தும் பாரார். துணிப்பையாயின் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு தேங்காயும் போட்டுக் கைபிடியைத் தூக்கி ஆட்டிவிட்டே பேசுவார்.

படத் தெரிவில்தான் அவரது தத்துவச் சிக்கல் வெளிப்படுகிறது. 1894இல் ரவி வர்மா பம்பாயில் நிறுவிய அச்சகமும், பின்னாளில் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சேறிய படங்களும் தெய்வங்களைச் சாதாரண வீட்டுச் சுவருக்கு இறக்கிவைத்தன. அம்மரபை நம்பி முதலாளி லட்சுமியைத் தெரிவு செய்தால், வருடம் முடிந்ததும் வீட்டுப் பெண்கள் படத்தைச் சட்டமிடுவதற்காக லட்சுமியின் பாதத்துக்குக் கீழே கத்தரிக்கோலை நேராக ஓட்டிவிடுவார்கள், கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அடுப்புக்குப் போகும். பெயரைத் தெய்வத்தின் தலைக்குமேல் அச்சிடலாமெனினும் அதற்கு அவருக்குத் துணிவு வருவதில்லை. பௌத்தரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் கணக்கு வைத்திருக்கும் கடையாதலால் பொதுப்படம் தேடவேண்டிய கட்டாயமும் உண்டு. 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தையும் அணையையும் போடலாமென்று ஏஜண்டு சொன்னால், "ஏன் தம்பி, வாசல்ல நின்னா சும்மா தெரியிற அணைய நம்ம காசு கொடுத்து வேற அடிக்கணுமா?" என்று மறுத்துவிட்டு, நாலாபுறமும் மலை சூழ்ந்தவர்களுக்காக சுவிற்சர்லாந்தின் பனிமலையைத் தெரிவு செய்வார்.

விநியோகத்திலும் ஒரு தர வரிசை உண்டு: கணக்குப்பிள்ளைக்குக் குடை, ரொக்கத்துக்கு வாங்குவோருக்குப் பை, கடன் கொப்பியில் பக்கம் நிரம்பியவருக்குத் தவறாமல் கலண்டர். போயா தினம் எப்போதென்றும், பத்தாம் திகதியையொட்டி வரும் சம்பளம் எப்போதென்றும் பார்க்க நிமிரும் ஒவ்வொரு தடவையும் கடன்பட்டவரின் கண்ணில் கடையின் பெயர் படவேண்டுமென்பது ஏற்பாடு. அதை அறிந்தவர்கள் கலண்டரைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள்.

தாளின் தரத்தை முதலாளியைவிடக் கறாராகச் சோதிப்போர் தாய்மார்களே என்பது 2022இல் தெரியவந்தது. காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்ட அவ்வாண்டின் முடிவில், மெல்லிய ஒற்றைத் தாளைச் சுருட்டி நீட்டிய முதலாளிமார் முணுமுணுப்பைச் சம்பாதித்தார்கள். பழைய கலண்டரின் வெள்ளைப் புறத்தை வெளியே வைத்துப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போடுவது வழமையாதலால், தடித்த தாள் கிடைக்காத குறை இரண்டாம் ஆண்டுக்கும் நீளக்கூடியது. இவ்வுண்மையைக் கண்டுகொண்ட கலண்டர் முதலாளி, செலவோடு செலவாகத் தாளின் பின்புறத்திலும் கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னார். மறுவருடம் தாய்மார்கள் எதிர்க்கடையில் சாமான் வாங்கத் தொடங்கினார்கள்.