இடது பொத்தான் இயங்காமை: அழுத்துவோர், துடைப்போர், அணைத்துப் போடுவோர்

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு ஓடுகிறது. கிளிக் மட்டும் விழவில்லை. இந்த ஒரு நிலையே இக்கட்டுரையின் பொருள். அம்பே நகராவிட்டால் ஒயர் பிடுங்கிக்கொண்டதா, பேட்டரி தீர்ந்ததா என்று பார்த்தால் பெரும்பாலும் முடிந்தது. அதில் ஆய்வுக்கு இடமில்லை. அம்பு ஓடி, கிளிக் விழாதபோதுதான் குடும்பம் கட்சிகளாகப் பிரிகிறது.

இந்நோய் கண்டறியப்படும் பொழுது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ரயிலில் தட்கல் முன்பதிவு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. நோய் கண்டறியப்படுவது 11 மணி கழிந்த முதல் நிமிடத்தில். 10.55 வரை அதே மவுஸால் சீட்டாட்டம் ஆடப்பட்டது என்பதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு, ஆடியவர் மறுப்பார்.

இனி மூலநூல் சான்று. 1964-ல் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில், டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் செய்து முடித்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1970-ல் எங்கல்பார்ட் பெயரில் வழங்கப்பட்ட காப்புரிமையின் தலைப்பு, காட்சித் திரைக்கான ‘எக்ஸ்-ஒய் இடங்காட்டி’ என்பது. இடம் காட்டுவதாகத்தான் வாக்கு. கிளிக்கைப் பற்றித் தலைப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அம்பு ஓடும்வரை மவுஸ் தன் கடமையில் தவறவில்லை என்று வாதிட இடமிருக்கிறது. பதினொரு மணிக்கு அந்த வாதத்தை எடுத்து வைக்காதிருப்பது நலம்.

கட்சிகளுள் தொன்மையானது அழுத்துவோர் கட்சி. இதன் தலைவர் பெரும்பாலும் குடும்பத் தலைவரே. கிளிக் விழவில்லை என்றால் போதிய அழுத்தம் தரப்படவில்லை என்பது இவர்களின் சித்தாந்தம். டிவி ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிய மரபிலிருந்து கிளைத்தது இது. இதற்குத் தடை எளிது. கணினிக்கு மவுஸ் அனுப்பும் செய்தியின் அடிப்படை வடிவம் மூன்றே பைட்: முதலாவதில் பொத்தான்களின் நிலை, மற்ற இரண்டில் அம்பு எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது. இடது பொத்தானுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பிட். அழுத்தினால் 1, இல்லையேல் 0. எவ்வளவு கோபத்தோடு அழுத்தினார் என்று எழுத அதில் இடம் கிடையாது.

“சத்தம் வருதேப்பா, டிக்குனு கேக்குதே!” என்பது இக்கட்சியினரின் விடை. பொத்தானுக்கு அடியில் விரல்நுனி அளவில் ஒரு மைக்ரோ சுவிட்ச். அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து நிற்கிறது. அழுத்தும்போது தகடு சட்டென்று மறுபக்கம் துள்ளும் ஓசைதான் அந்த டிக். தகடு போய்த் தொடும் முனையில் அழுக்கோ ஆக்சைடு படலமோ படிந்திருந்தால் ஓசை வரும், மின்சாரம் போகாது. ஆக, ஓசை சான்றாகாது. ஆனால் நேர்மையான ஆய்வு இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும்: திரும்பத் திரும்ப அழுத்தினால் அந்தப் படலம் உராய்ந்து தேய்ந்து, கிளிக் சில சமயம் மீண்டும் விழத்தான் செய்கிறது. அழுத்துவோர் சொல்லும் காரணம் தவறு, செய்யும் காரியம் சரி. இதை அவர்கள் காதில் போடாதிருப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் பொறுப்பு.

துடைப்போர் கட்சியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அடியில் உருண்டை வைத்த மவுஸ் புழங்கிய காலத்தில் உருளைகளில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துப் பெயர் வாங்கியவர்கள். ஒளியால் இயங்கும் மவுஸ் வந்ததும் தொழில் போயிற்று. இன்றும் முந்தானையோடு வருகிறார்கள்.

அணைத்துப் போடுவோர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். “ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா” என்பதோடு இவர்களின் நூல் முடிகிறது. பல வேளைகளில் பலிக்கவும் செய்கிறது. ஏன் பலித்தது என்பது எவருக்கும் தெரியாமல் போய்விடுவதே இம்முறையின் குறை. எல்லாவற்றுக்கும் பின்னால் ‘சேமிக்கவா, வேண்டாமா?’ என்று கேட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி ஒளிந்திருந்திருக்கலாம். அதற்குப் பதில் சொல்லாதவரை அந்த மென்பொருள் வேறெந்தக் கிளிக்கையும் ஏற்காது. ‘டிங்’ என்று ஒலித்துத் திருப்பி அனுப்பும். ஆல்ட்டையும் டேபையும் சேர்த்து அழுத்தினால் பெட்டி வெளியே வந்துவிடும். சும்மா டிங் அடிக்கிறது என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்ட வீடுகளில் இந்த வகை மட்டும் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை.

கணினி திணறும்போது விழும் கிளிக்குகள் தனி வகை. அவை தொலைவதில்லை, வரிசையில் நிற்கின்றன. மூச்சு வந்ததும் கணினி அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். திரை முழுக்க ஒரே ஜன்னல் திரும்பத் திரும்பத் திறக்கும். “வைரஸ்” என்று தீர்ப்பாகும்.

தாத்தாவின் நிலை இவை எதிலும் அடங்காது. விண்டோஸின் இயல்பான அமைப்பில் இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே அரை நொடிக்கு மேல் போனால் அது டபுள் கிளிக் ஆகாது. இரண்டாவது, கோப்பின் பெயர்மேல் நிதானமாக விழுந்தால், பெயரை மாற்ற விரும்புகிறார் என்று கணினி முடிவு செய்து பெயரைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காத்திருக்கும். ஓய்வூதியக் கோப்பு திறக்கவில்லையே என்று தாத்தா ஏதோ ஒரு விசையைத் தட்டி, என்டரும் தட்டுவார். இப்படித்தான் பல வீடுகளில் முக்கியமான ஆவணங்கள் ‘ஜே’ என்ற பெயரில் கிடக்கின்றன. டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்தால் தீரும். ஆனால் ஒருமுறை கிளிக் செய்து என்டர் தட்டினாலே கோப்பு திறந்துவிடும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தருவதில்லை.

மருத்துவத்தில் ஒரு முரண் உண்டு. மவுஸைச் சரிசெய்யும் பக்கத்துக்குப் போகச் சொல்லும் குறிப்புகள் எல்லாம் ‘கிளிக் செய்யவும்’ என்றே தொடங்குகின்றன. விசைப்பலகைதான் கைகொடுக்கும்: இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் ஒருசேர அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் தட்டினால், விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகள் அம்பை நகர்த்தும், 5 கிளிக் செய்யும். அதற்குள் தட்கல் தீர்ந்திருக்கும், அது வேறு.

நோய் மவுஸிலா கணினியிலா என்று அறிய, மவுஸைப் பக்கத்து வீட்டுக் கணினியில் செருகிப் பார்ப்பதே சிறந்த சோதனை. அங்கேயும் விழவில்லை என்றால் சுவிட்ச் போயிற்று. இடது வலது பொத்தான்களை அமைப்பில் மாற்றிப் போட்டுச் சில நாள் ஓட்டலாம், பிறகு சில நூறு ரூபாயில் புதியது வாங்க வேண்டியதுதான். பழையதன் ஒயரை அதன் இடுப்பிலேயே சுற்றி, பழைய மோடத்தின் அடாப்டரும் எதற்கென்று தெரியாத கேபிள்களும் இருக்கும் அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மவுஸாவது வெளியே வந்து மறுபடி பணியில் சேர்ந்ததாகச் சான்று கிட்டவில்லை. ஆனாலும் அதைத் தூக்கி எறியலாம் என்று சொல்பவர் மூன்று கட்சியிலும் இல்லை.